பிளஸ் டூவில் 13 மதிப்பெண் குறைந்ததற்காக மென்பொருள் வேலை மறுக்கப்படலாமா?

கேள்வி: காரிமங்கலம் அருகேயுள்ள கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 2019-இல் பிளஸ் டூவில் 600-க்கு 347 மதிப்பெண் பெற்றேன். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணினி அறிவியலை 2022-இல் 74 சதவீதத்துடன் முடித்தேன். மூன்று ஆண்டுகளாக ஓசூரில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சிப்காட் பகுதித் தொழிற்கூடங்களுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருளை எழுதுகிறோம். அரசுத் தளத்தில் பதிய வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணு பில்லான இ-இன்வாய்ஸ் பகுதி முழுவதும் நான் எழுதியது. சம்பளம் 16,000 ரூபாய். பெங்களூரு நிறுவனம் ஒன்றில் எழுத்துத் தேர்விலும் இரண்டு டெக்னிக்கல் சுற்றிலும் தேறிய பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பின்போது "பத்து, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இல்லை" என்று நிறுத்திவிட்டார்கள். மற்ற பல விளம்பரங்களில் "பி.இ., பி.டெக். மட்டும்" என்று இருக்கிறது. 80,000 ரூபாய் கொடுத்தால் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கியாவது எம்.சி.ஏ. படி என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும்? விண்ணப்பத்தில் 57.83 என்பதை 60 என்று போட்டால் தவறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்சல்டன்சியின் பக்கம் மீண்டும் போகாதீர்கள். இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கடனில் முழுநேர எம்.சி.ஏ. சேர வேண்டாம். புதியவர்களை எடுக்கும் பிரெஷர் தேர்வுகளுக்கு விண்ணப்பிப்பதை இன்றோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாண்டு அனுபவம் உள்ள ஒருவராக அடுத்த வேலையைத் தேடுங்கள். இவற்றை ஏன் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால், உங்களை நிறுத்திய அந்த விதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. மென்பொருள் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் குழுக்களில் இருந்திருப்பதால் அதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு பிரெஷர் விளம்பரம் வெளியானால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. அத்தனை பேரையும் சோதித்துப் பார்க்க நிறுவனத்திடம் ஆளும் நேரமும் இல்லாததால், கணினியில் ஒரே நொடியில் பாதிக்கு மேல் கழித்துவிடக்கூடிய ஏதாவது ஓர் எண் தேவைப்படுகிறது. எல்லோரிடமும் இருக்கும் எண் மதிப்பெண் சதவீதம் என்பதால் அது சல்லடையாகிவிட்டது. அந்த 60-க்கும் செய்ய வேண்டிய வேலைக்கும் என்ன தொடர்பு என்று அதை விதித்தவரிடம் கேட்டால், பெரும்பாலும் அவரிடம் பதில் இருக்காது. அதற்குப் பின்னால் அச்சமும் இருக்கிறது. விதிப்படி ஒருவரைத் தள்ளிய ஹெச்.ஆர். அதிகாரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. விதியைத் தளர்த்தி எடுத்த ஒருவர் சரியாக வேலை செய்யாவிட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் நேர்காணலில் திருப்தியடைந்த பொறியாளர்கள் இருந்தும் ஒரு சரிபார்ப்புப் படிவம் அவர்களை மீறியது என்றால், அந்த நிறுவனத்தில் யாரும் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வரவில்லை என்றுதான் பொருள்.

"பி.இ., பி.டெக். மட்டும்" என்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு, அவற்றில் ஒரு பகுதி உண்மையானது. ஆட்களை அனுப்பிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களுக்கு, வாடிக்கையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே பணியாளரின் பட்டம் குறிக்கப்பட்டிருக்கும். அரசு டெண்டர்களில் இது மிகச் சாதாரணம். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். அங்கே இளநிலை என்பது நான்காண்டுப் படிப்பாக இருப்பதால், நம் மூன்றாண்டு பி.எஸ்ஸி. மட்டும் கையில் இருந்தால் அதை இணையாக ஏற்கவைப்பது கடினம். குறையும் ஓராண்டுக்கு ஈடாக மூன்றாண்டு பொருத்தமான பணி அனுபவத்தைக் கணக்கில் கொள்ளும் முறையும் அங்கே உண்டு என்பதை நம் ஊர் ஹெச்.ஆர்.கள் பலர் சொல்வதில்லை. மேலும், பட்டம் என்பது ஒருவர் எதைக் கற்றார் என்பதைக் காட்டிலும், அவரால் ஒரு கடினமான படிப்பில் நுழைந்து முடிக்க முடிந்தது என்பதற்கான அடையாளமாகவே முதலாளிகளால் பார்க்கப்படுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973-இல் இதைக் கோட்பாடாக எழுதினார்; 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். திறமையை நேரடியாகப் பார்க்க வழியில்லாத இடத்தில்தான் அந்த அடையாளத்துக்கு மதிப்பு. உங்கள் விஷயத்தில் தேர்வும் இரண்டு நேர்காணல்களும் முடிந்து, திறமை நேரடியாகவே பார்க்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் அடையாளத்தைக் கேட்டு நிறுத்தியதை எந்த வகையிலும் நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிளஸ் டூ சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் பேரை நிறுத்தியிருப்பது இதுதான். நீங்கள் 2019-இல் இரண்டரை மணி நேரத் தேர்வுகளை எழுதி 347 பெற்றவர். உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் வந்த 2021 அணியினர் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வையே எழுதவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று கணக்கிட்டு அவர்களுக்கு மதிப்பெண் வழங்கப்பட்டது. அந்த மாணவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. அந்தச் சூழலில் அதுவே சரியான முடிவு. ஆனால் தேர்வெழுதிப் பெற்ற 57.83-ஐயும் கணக்கிட்டு வழங்கப்பட்ட 60-ஐயும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒருவர் தகுதியானவர், மற்றவர் தகுதியற்றவர் என்று பிரிக்கும் நிறுவனம் உண்மையில் எதை அளக்கிறது? அதே 2021-இல் பத்தாம் வகுப்புத் தேர்வும் நடக்காமல், எல்லோரும் தேர்ச்சி என்று மட்டும் குறிப்பிட்டு, மதிப்பெண் இல்லாமலேயே சான்றிதழ் தரப்பட்டது. அந்த அணியினர் இப்போது பட்டம் முடித்து வேலை தேடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். "பத்தாம் வகுப்பு சதவீதம்" என்று படிவத்தில் இருக்கும் கட்டத்தில் அவர்கள் எதை நிரப்புவார்கள்? இந்த விதியை எழுதியவர்கள் தமிழ்நாட்டு மதிப்பெண் சான்றிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால்கூட இதை யோசித்திருப்பார்கள்.

பதினேழு வயதில், கல்லூரிப் படி ஏறிய உறவினர் ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்து, தமிழ் வழியில் படித்து எழுதிய தேர்வு அது. அதற்குப் பிறகு ஆங்கிலவழிப் பாடத்திட்டத்தில் 74 சதவீதம் பெற்றிருக்கிறீர்கள். 57-இல் தொடங்கி 74-க்கு வந்தவரையும் 85-இல் தொடங்கி 62-க்கு இறங்கியவரையும் அருகருகே வைத்தால், நான் யாரை எடுப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றிலும் 60 என்ற விதியோ இரண்டாமவரை உள்ளே விட்டு உங்களை வெளியே நிறுத்துகிறது.

ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள், ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார்கள். செய்ய வேண்டிய வேலையின் ஒரு மாதிரியைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்வது பிற்காலச் செயல்திறனை நன்றாகக் கணித்த முறைகளில் ஒன்றாகவும், படித்த ஆண்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாகக் கணித்தவற்றில் ஒன்றாகவும் அதில் இருந்தன. 2022-இல் வேறொரு குழு அந்தக் கணக்குகளைத் திருத்தி, பல முறைகளின் மதிப்பைக் குறைத்துக் காட்டியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்குபடுத்திக் கேட்கும் நேர்காணல் அந்தத் திருத்தத்தில் முதலிடத்துக்கு வந்தது. உங்களுக்கு நடந்த எழுத்துத் தேர்வும் டெக்னிக்கல் சுற்றுகளும் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்தவை. அதாவது, நம்பத்தக்க முறையில் கிடைத்த முடிவை ஒதுக்கிவிட்டு, நம்பத்தகாத ஒன்றை அவர்கள் கடைசியில் பிடித்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் கிரிக்ஸ் என்பவர் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், கறுப்பினத் தொழிலாளர்களை அதிகமாக வெளியே தள்ளும் பள்ளிச் சான்றிதழ் நிபந்தனையும் பொதுத் தேர்வுகளும் அந்த வேலையோடு தொடர்புடையவை என்று காட்டப்படாவிட்டால் செல்லாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1971-இல் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனத்தின் கல்வி நிபந்தனையை அப்படிக் கேள்வி கேட்க உதவும் சட்டம் நம்மிடம் இல்லை. அதனால்தான் அந்த நிறுவனத்தோடு கடிதப் போர் நடத்துங்கள் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. அந்த உழைப்பை வேறிடத்தில் செலவிடலாம்.

அந்த வேறிடம் எது என்று பார்ப்போம். மூன்றிலும் 60 என்ற விதி கடுமையாக இருப்பது பிரெஷர் தேர்வுகளில். இரண்டு, மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, குறிப்பாகச் சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நடுத்தர, சிறு நிறுவனங்களில், பள்ளி மதிப்பெண்ணைக் கேட்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிடுகிறார்கள். பட்டமே இல்லாமல் மென்பொருள் எழுத முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது: ஜோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து இருபது ஆண்டுகளாக வேலைக்கு எடுத்துவருகிறது. அந்தப் பயிற்சிக்கான வயதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். தம்பி, தங்கை இருந்தால் அதையும், பிளஸ் டூ முடித்தவர்களுக்காக எச்.சி.எல். நடத்தும் டெக்பீ திட்டத்தையும் விசாரித்து வையுங்கள்.

உங்களிடம் இருக்கும் அரிய பொருள், தொழிற்கூடத்தின் நடைமுறை பற்றிய அறிவு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் ஓசூர். அங்கே சிறு பட்டறையில் ஜாப் ஒர்க் எப்படி நடக்கிறது, டெலிவரி சலானில் போன சரக்கு எப்போது திரும்புகிறது, ஸ்கிராப்பை எங்கே கணக்கில் எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானபோது, ஓசூரின் சிறுதொழில்கள் பல ஒரே நேரத்தில் தங்கள் பில்லிங்கை மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை எழுதிமுடித்தவர் நீங்கள். பெங்களூரு, கோயம்புத்தூர், சென்னையில் ஈ.ஆர்.பி. எனப்படும், ஒரு தொழிலின் கணக்கு, சரக்கு, உற்பத்தியைச் சேர்த்துக் கவனிக்கும் மென்பொருளைச் செய்யும் நிறுவனங்களுக்கு இப்படி ஒருவர் கிடைப்பது எளிதல்ல. நல்ல கல்லூரியில் பி.டெக். முடித்தவருக்கு இவற்றைக் கற்றுக்கொடுக்கவே அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஓசூர் ஆலைகளின் சொந்த ஐ.டி. பிரிவுகளையும் விட்டுவிடாதீர்கள்.

ஆகவே ரெஸ்யூமில் மதிப்பெண் அட்டவணையை முதலில் வைக்க வேண்டாம். அதைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். முதல் பாதிப் பக்கத்தில், எத்தனை வாடிக்கையாளர்கள் உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், இ-இன்வாய்ஸ் தளத்தோடு இணைத்தபோது வந்த சிக்கல் என்ன, அதை எப்படித் தீர்த்தீர்கள், எந்த மொழியில், எந்த டேட்டாபேஸில் வேலை செய்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். நிறுவனத்தின் நிரலை வெளியே காட்டக் கூடாது என்பதால், அதே வகையில் ஒரு சிறிய ஸ்டாக் செயலியை நீங்களாக எழுதி, நிரல்களை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் வையுங்கள். விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பதோடு, உள்ளே வேலை செய்பவரின் ரெஃபரல் வழியாகவும் போங்கள். சல்லடையில் விழாமல் ஒரு மனிதரின் மேசைக்கு ரெஸ்யூம் போய்ச் சேர நான் அறிந்த நம்பகமான வழி அது. கல்லூரியில் உங்களோடு படித்தவர்கள், ஓசூரிலிருந்து மாறிப் போனவர்கள், வாடிக்கையாளர் நிறுவனத்தில் உங்கள் வேலையைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதற்கு உரியவர்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

விளம்பரத்தில் கேட்கும் அனுபவ ஆண்டுகளைப் பார்த்தும் மிரள வேண்டாம். ஃபாஸ்ட்-ஏபிஐ என்ற மென்பொருள் கருவியை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், அதில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்ட ஒரு விளம்பரத்தைக் கண்டு, தான் அதை உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்பதால் தன்னால் விண்ணப்பிக்க முடியாது என்று 2020-இல் எழுதினார். பட்டியலில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் தெரிந்திருந்தால் விண்ணப்பியுங்கள். எல்லாம் தெரிந்தால்தான் எழுதுவேன் என்று காத்திருப்பவர்களில் நம் ஊர்ப் பெண்கள் அதிகம் என்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னதாக உங்கள் மூன்றாண்டுக்கான ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள். சிறு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். நியமனக் கடிதம் இல்லாவிட்டால், சேர்ந்த தேதியும் பதவியும் குறித்து லெட்டர்ஹெட்டில் ஒன்று கேட்டு வாங்குங்கள். சம்பளம் கையில் தரப்படுகிறது என்றால், இந்த மாதத்திலிருந்தாவது வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பொதுவாக இருபதோ அதற்கு மேலோ ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் பி.எஃப். கட்டாயம் என்பதால் உங்களுக்கு அது இல்லாமலிருக்கலாம். அப்படியானால் பேஸ்லிப்பும் வங்கி ஸ்டேட்மென்ட்டும்தான் உங்கள் சாட்சி. புதிய இடத்தில் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே இங்கே ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் பீரியடை முழுமையாக முடித்து ரிலீவிங் லெட்டர் பெறுங்கள்.

போலி அனுபவச் சான்றிதழுக்கு நீங்கள் கொடுக்கவிருப்பது 80,000 ரூபாய் மட்டுமாக இருக்காது. பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷன் செய்யும் நிறுவனங்கள் பி.எஃப். கணக்கின் பணி வரலாற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்ததாகச் சொல்லும் ஒருவருக்கு அந்த ஆண்டுகளில் பி.எஃப். பதிவே இல்லை என்றால் உண்மை உடனே வெளிவந்துவிடும். வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்துப் பிடிபட்டு, அன்றைக்கே அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பொய்யான அனுபவத்தை எழுதிவிட்டால், மெய்யான உங்கள் மூன்றாண்டை எங்கே எழுதுவீர்கள்? அதை மறைத்தாக வேண்டும். உங்களிடம் இருக்கும் ஒரே பலத்தை நீங்களே அழித்துக்கொள்வதாகிவிடும். வேலைக்காக முன்பணம் கேட்கும் எவரிடமும், அசல் மதிப்பெண் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வேன் என்று சொல்லும் எவரிடமும் போகாதீர்கள்.

எம்.சி.ஏ. பற்றி உங்கள் அப்பா சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஓர் உண்மையும் இருக்கிறது. மூன்றாண்டு பி.எஸ்ஸி.யோடு இரண்டாண்டு எம்.சி.ஏ. சேர்ந்தால், "பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ." என்று கேட்கும் விளம்பரங்கள் உங்களுக்குத் திறக்கும், வெளிநாட்டு விசாவுக்கும் உதவும். ஆனால் மூன்றிலும் 60 என்ற விதிக்கு எம்.சி.ஏ. மருந்தாகாது, ஏனெனில் அதன் பிறகும் பிளஸ் டூ மதிப்பெண் 347-ஆகவே இருக்கும். இரண்டாண்டுச் சம்பளத்தை இழந்து, கடனும் சுமந்து, முடிக்கும்போது மீண்டும் பிரெஷர் வரிசையின் கடைசியில் போய் நிற்க நேரிடும். பட்டம் வேண்டும் என்று நினைத்தால், அடுத்த வேலையில் அமர்ந்த பிறகு, வேலையோடு சேர்த்துப் படியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் தரும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. தனியார் நிறுவனங்களில் சில இன்னமும் "ரெகுலர் மட்டும்" என்று கேட்கின்றன என்பதையும் அறிந்தே சேருங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பையும் பாருங்கள், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, சில வாரப் பாடத்தைப் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் போதும், இடையில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளலாம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். மகளின் வளர்ச்சிக்காகக் கடன் வாங்கத் துணிந்தவர், அந்தக் கடன் தேவையில்லை என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வார்.

இதைப் படிக்கும் நிறுவன உரிமையாளர்களிடமும் ஹெச்.ஆர். அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். சதவீத விதியை நீங்கள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அது முடியாதென்றால், தேர்வுக்கு முன்பே படிவத்தில் தெளிவாகக் கேட்டு, தகுதியில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரிமங்கலத்திலிருந்து பெங்களூருக்கு வரும் ஒரு பெண், சம்பளத்தை இழந்து விடுப்பு எடுத்து, இருட்டோடு பஸ் ஏறி வருகிறார். மூன்று சுற்று முடிந்த பிறகு அவருடைய பள்ளிச் சான்றிதழைப் பிரித்துப் பார்ப்பது மனிதத்தன்மை உள்ள நடைமுறை ஆகாது.

சகோதரி, கடைசியாக 57.83 பற்றிக் கேட்டிருந்தீர்கள். 57.83 என்றே எழுதுங்கள். 60 என்று எழுதினால், சான்றிதழ் சரிபார்ப்பில் அது தவறான தகவல் கொடுத்த குற்றமாகப் பதிவாகும். மதிப்பெண் குறைவைவிட அது உங்களை நெடுநாள் துரத்தும். 60-க்குக் கீழே நிரப்பினால் நகர மறுக்கும் படிவங்களை அப்படியே விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தில் ஆள் எடுப்பவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: "ஓசூரில் மூன்றாண்டுகளாகத் தொழிற்கூடங்களுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன், இ-இன்வாய்ஸ் பகுதி முழுவதும் என் பொறுப்பு. பி.எஸ்ஸி. 74 சதவீதம், பிளஸ் டூ 57.83 சதவீதம். இந்தப் பணிக்கு நான் விண்ணப்பிக்கலாமா என்பதைத் தேர்வுக்கு முன்பே தெரிவித்தால், அதற்கேற்ப விடுப்பு எடுத்து வருகிறேன்."